இரும்புச்சத்து 15 மி.கி.யா, 29 மி.கி.யா? கடற்கரைப் பெண்களின் உணவுக் கணக்கை எந்த எண்ணோடு ஒப்பிடுவது?

கேள்வி: பாசிக்கரை

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையிலுள்ள கடற்கரை ஊர்களில் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், கருவாடு போடுகிறவர்கள் என 40 பெண்களிடம், "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். எல்லாரும் 19 முதல் 45 வயதுக்குள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இதில் இல்லை. ஆளுக்கு ஒரு நாள் கணக்கு. ஏப்ரல் கடைசி வாரத்தில் எடுத்தது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையை வைத்து ஒவ்வொருவருக்கும் சத்துகளைக் கூட்டிவிட்டோம். அதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் குழப்பம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சத்து தேவை என்று ஐ.சி.எம்.ஆரும் அதே நிறுவனமும் வெளியிட்ட 2020 அட்டவணையில் பெண்களுக்கு இரும்புச்சத்து ஒரு பத்தியில் 15 மி.கி., அடுத்த பத்தியில் 29 மி.கி. என்றிருக்கிறது. 29ஐ வைத்தால் அநேகமாக எல்லாருக்குமே குறை. 15ஐ வைத்தால் பலர் தப்பிக்கிறார்கள். எது சரி?

கையில் இருக்கும் பழைய புத்தகத்தில் கால்சியம் 600 மி.கி., புரதம் 55 கிராம். புதியதில் கால்சியம் 1000, புரதம் 45.7. ஒன்று ஏறி இன்னொன்று இறங்கியது ஏன்?

இரும்புச்சத்துக்கு மேல் வரம்பு 45 மி.கி. என்கிறார்கள். ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையிலேயே 60 மி.கி. இருக்கிறது. இதை ஊர்க் கூட்டத்தில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

கலோரிக்கு மட்டும் ஏன் ஒரே ஒரு எண்?

ஊராட்சிக்கு இதை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். இல்லாத குறையைச் சொல்லிப் பயமுறுத்தவும் கூடாது, இருக்கிற குறை மறைந்துவிடவும் கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: அளவுக்கரண்டி

நல்ல கேள்வி. இந்த 15, 29 குழப்பத்தில்தான் பல அறிக்கைகள் கவிழ்கின்றன.

ஒரே வயதுப் பெண்கள் 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு வேண்டிய அளவு ஆளுக்கு ஆள் மாறும். தேவை குறைந்தவரிலிருந்து கூடியவர்வரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் தேவைதான் முதல் பத்தியில் இருக்கும் 'சராசரித் தேவை' (ஈ.ஏ.ஆர்.). அந்த அளவு சாப்பிட்டால் பாதிப் பேருக்குப் போதும், பாதிப் பேருக்குப் போதாது. வரிசையின் கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாருக்கும் போதுமான அளவு எதுவோ அதுதான் இரண்டாவது பத்தி, 'பரிந்துரை அளவு' (ஆர்.டி.ஏ.).

புரதத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும். சராசரித் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 0.66 கிராம், பரிந்துரை 0.83 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு முறையே 36.3, 45.7. ஒருவர் நாள்தோறும் 40 கிராம் சாப்பிடுகிறார் என்றால் பரிந்துரைக்குக் கீழேதான் இருக்கிறார். ஆனால் அவருக்குப் புரதக் குறை இருப்பதைவிட இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பரிந்துரை அளவைப் பரீட்சையின் பாஸ் மார்க் போல நினைத்து, அதற்குக் கீழே உள்ளவர்களை எல்லாம் 'குறைபாடு' என்று எண்ணினால் கணக்கு ஊதிப் பெருகிவிடும்.

ஆகவே, ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்து உணவுத் திட்டம் போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால் இலக்கு பரிந்துரை அளவு. 'இந்த ஊரில் எத்தனை பேருக்குப் போதவில்லை' என்பது கேள்வி என்றால் சராசரித் தேவைக்குக் கீழே வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களை எண்ண வேண்டும். சராசரித் தேவைக்கு மேலே சாப்பிட்டும் போதாதவர்கள் சிலர் இருப்பார்கள். கீழே சாப்பிட்டும் போதுமானவர்கள் சிலர் இருப்பார்கள். இந்த இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். அதனால்தான் இந்த எண்ணிக்கை உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது.

அப்படி ஈடாக வேண்டுமென்றால் தேவையின் பரவல் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சாப்பிடும் அளவு தேவையைப் பின்தொடர்ந்து போகக் கூடாது. புரதம், கால்சியம், துத்தநாகம் எல்லாம் இதற்குப் பொருந்தும். இரும்பும் கலோரியும் பொருந்தாது. உங்கள் குழப்பம் இரும்பில் தொடங்கியது தற்செயல் இல்லை.

மாதவிலக்கில் போகும் இரத்தத்தின் அளவு பெண்ணுக்குப் பெண் வெகுவாக மாறும். சிலருக்கு மிக அதிகம். அதனால் வரிசையின் மேல் முனை நீண்டு வால்போல் போகிறது. புரதத்தில் பரிந்துரை, சராசரியைவிடக் கால்பங்குதான் கூடுதல். இரும்பில் 15க்கு 29, கிட்டத்தட்ட இரட்டிப்பு. இவ்வளவு இடைவெளி இருந்தாலே பரவல் கோணல் என்று புரிந்துகொள்ளலாம். எனவே இரும்புக்கு '15க்குக் கீழே இத்தனை பேர்' என்ற ஒரு வரியோடு அறிக்கையை முடிக்காதீர்கள். முறையான வழி, ஒவ்வொருவர் சாப்பிடும் அளவுக்கும் குறை இருக்கும் நிகழ்தகவைத் தனித்தனியே எடுத்துக் கூட்டுவது. 40 பேர் கொண்ட ஊர்க் கணக்குக்கு அதைவிடப் பயனுள்ளது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்து, உணவுக் கணக்கின் பக்கத்தில் வைப்பது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே (டெசிலிட்டருக்கு) இருந்தால் இரத்தசோகை. உணவு குறைவாகவும் இரத்தம் சரியாகவும் இருந்தால் நீங்கள் எழுதிய உணவுக் கணக்கைச் சந்தேகியுங்கள். உணவு சரியாக இருந்தும் இரத்தம் குறைந்தால் அதிக உதிரப்போக்கு, குடற்புழு, பி12, ஃபோலேட் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கலோரிக்கு ஒரே எண் இருப்பதற்குக் காரணம் இது: 97 பேருக்குப் போதும் அளவை எல்லாருக்கும் பரிந்துரைத்தால் பெரும்பாலோருக்கு எடை ஏறிவிடும். புரதமோ வைட்டமின் சி-யோ கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை, கலோரி அப்படியில்லை. பசியும் தேவையைப் பின்தொடர்ந்து போகும். அதனால் கலோரி போதுமா என்பதை உணவுக் கணக்கில் தேட வேண்டாம். எடைக்கருவியில் ஏற்றிப் பாருங்கள். உடல் நிறைக் குறியீடு 18.5க்குக் கீழே இருந்தால் போதவில்லை என்று அதுவே சொல்லிவிடும்.

உழைப்பு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம். 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை 1660, நடுத்தர உழைப்பு 2130, கடும் உழைப்பு 2720 கிலோ கலோரி. பாசி எடுப்பது கடும் உழைப்புதானே என்று எல்லாருக்கும் 2720 போட்டுவிடாதீர்கள். மாதத்தில் 12 நாள் கடலில் இறங்குகிறார், மீதி 18 நாள் வீட்டு வேலை என்று வைத்துக்கொண்டால், 12 × 2720 + 18 × 1660, அதை 30ஆல் வகுத்தால் சுமார் 2080. நடுத்தர உழைப்புக்குப் பக்கத்தில்தான் வருகிறது. கடலுக்குப் போன நாள் எத்தனை என்பதைக் கேட்டுக் கணக்கிடுங்கள்.

பழைய, புதிய எண்கள்: உங்கள் கையில் இருப்பது 2010 அட்டவணை. அதில் பரிந்துரை மட்டும்தான், சராசரித் தேவைக்கும் மேல் வரம்புக்கும் தனிப் பத்தி கிடையாது. புரதத்தில் அப்போது தானியச் சாப்பாட்டை மனதில் வைத்து கிலோவுக்கு 1 கிராம் என்று 55 போட்டார்கள். 2020இல் தரமான புரதத்துக்கு 0.83 என்றும், பெரும்பாலும் தானியத்திலிருந்தே புரதம் வருகிறது என்றால் இன்னமும் 1 கிராம் என்றும் பிரித்துவிட்டார்கள். தினமும் மீன் சாப்பிடும் வீட்டுக்கு 0.83ஐ எடுக்கலாம். மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வீட்டில் சோறும் ரசமும்தான் என்றால் 1 கிராம்தான் நியாயம். இரண்டு பதிப்பு எண்களை ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். 2010இல் பெண்ணுக்கு இரும்பு 21, 2020இல் 29. கலந்துவிட்டால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

மேல் வரம்பு 45 என்பது நலமாக இருப்பவர், யார் கண்காணிப்பும் இல்லாமல், நாள்தோறும் எடுத்தாலும் தீங்கு வராது என்ற அளவு. சிகிச்சைக்கோ, இரத்தசோகையைத் தடுக்க மருத்துவக் கண்காணிப்பில் குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் மாத்திரைக்கோ அது பொருந்தாது. கர்ப்பிணிக்கு 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இரண்டாவது மும்மாதத்திலிருந்து 180 நாள் கொடுப்பது திட்டமிட்ட அளவு. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். '45ஐத் தாண்டுகிறதே' என்று யாரும் மாத்திரையை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது முக்கியம்.

---

பதில் 2: கரைவலை

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒப்பிடுறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்குற எண்ணே சரியான்னு பாருங்க. எனக்குப் பல சந்தேகம் இருக்கு.

முதல்ல, ஏப்ரல் கடைசி வாரம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுத் தடைக்காலம். 61 நாள். நாட்டுப்படகும் கரைவலையும் இருந்தாலும் மீன் வரத்து குறைஞ்சு விலை ஏறியிருக்கும், வீட்டுல வருமானமும் இருக்காது. அந்த வாரத்துச் சாப்பாட்டை வச்சு வருஷம் முழுக்க இப்படித்தான்னு எழுத முடியாது. தடைக்காலக் கணக்குன்னு தலைப்புலேயே போட்டு, ஆகஸ்ட் செப்டம்பர்ல இன்னொரு தடவை எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சா, தடைக்கால நிவாரணம் சாப்பாட்டுக்குப் போதுதான்னு கேக்கவும் அது உதவும். கிழமையும் கலந்து எடுக்கணும். ஞாயித்துக்கிழமை கறி எடுக்குற ஊரு இருக்கு, வெள்ளி செவ்வாய் மீன் தொடாத வீடு இருக்கு, புரட்டாசி இருக்கு, பெரியபட்டினம் பக்கம் நோன்பு மாசம் இருக்கு.

ரெண்டாவது, சோறா அரிசியா? அட்டவணையில இருக்குறது பச்சை எடை. 100 கிராம் அரிசி வெந்தா சுமார் 250லிருந்து 300 கிராம் சோறு. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கிலோ கலோரி. ஒருத்தர் 300 கிராம் சோறு சாப்பிட்டதை 300 கிராம் அரிசின்னு ஏத்திட்டா, 350 வர வேண்டிய இடத்துல ஆயிரத்துக்கு மேல வந்துரும். பழைய சோறுன்னா இன்னும் தண்ணி கூடும். நீங்க பாக்குற வீட்டுல ஆழாக்கு அரிசி போட்டு வடிச்சு, மொத்தச் சோத்தையும் ஒரு தடவை எடை போட்டு அந்த ஊருக்குன்னு ஒரு விகிதம் எடுத்து வச்சுக்குங்க. ஒரு நாள் வேலைதான்.

மூணாவது, மீன். "ரெண்டு துண்டு மீன்"னு எழுதினா அது எதுவுமே சொல்லல. காரலா, சாளையா, விளமீனா, பாறையா? முழுசா எடை போட்டு, செதில் குடல் தலை எடுத்த பிறகு எடை போட்டு, சாப்பிட்டு முடிச்ச முள்ளையும் எடை போட்டாத்தான் வயித்துக்குள்ள போனது எவ்வளவுன்னு தெரியும். மீன் வகைக்கு அரைக் கிலோ வாங்கி ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை செஞ்சா போதும். காரல்ல முள்ளும் தலையும் போக மிஞ்சுறது ரொம்பக் கொஞ்சம். அதுல 100 கிராம்னு போட்டா புரதம் இரட்டிப்பா காட்டும். நெத்திலி அப்படியில்ல, முள்ளோட மென்னு தின்னுடுறோம். அதனால கால்சியம் நெத்திலிக்கு மட்டும் தனியா பாருங்க. முள்ளைத் துப்புற மீனுக்கு முள்ளோட சேர்ந்த கால்சியத்தைக் கணக்குல ஏத்தக் கூடாது.

குழம்புல இன்னொரு தப்பு நடக்கும். "ஒரு கிண்ணம் மீன் குழம்பு"ன்னு எழுதி மீன் புரதம் ஏத்துவாங்க. புளிக்கரைசல்லயும் தேங்காய்ப் பால்லயும் மீன் புரதம் எங்க இருக்கு? மீன் துண்டு தனி, குழம்பு தனி. சட்டியில போட்ட தேங்காய், எண்ணெய், வெங்காயம் எல்லாத்தையும் கேட்டு, மொத்தக் குழம்பு எத்தனை கரண்டின்னு பாத்து, அவங்க ஊத்திக்கிட்ட கரண்டிக்குப் பங்கு போடுங்க. அவங்க வீட்டுக் கரண்டி எத்தனை மில்லி பிடிக்கும்னு மருந்து அளக்குற குப்பியால ஒரு தடவை அளந்துருங்க. கடைசியா மிஞ்சின மீனு யாரு தட்டுக்குப் போச்சுன்னும் கேளுங்க. சமைச்சவங்க தட்டுல துண்டே விழாத வீடு நிறைய இருக்கு. வீட்டுச் சராசரி போட்டா அந்தப் பொம்பளை உங்க கணக்குல இருந்தே மறைஞ்சு போவாங்க.

எண்ணெயையும் உப்பையும் நேத்துச் சாப்பாட்டுல இருந்து கண்டுபிடிக்கப் பாக்காதீங்க, வராது. மாசத்துக்கு வாங்குறதைக் கேளுங்க. நாலு பேருக்கு மாசம் 3 லிட்டர் எண்ணெய்னா எடையில சுமார் 2760 கிராம். நாலாலயும் முப்பதாலயும் வகுத்தா ஆளுக்கு 23 கிராம். அதே நிறுவனத்தோட 2024 உணவு வழிகாட்டியில 2000 கிலோ கலோரித் தட்டுக்கு 27 கிராம்.

உப்பு நாலு பேருக்கு மாசம் ஒரு கிலோன்னா ஆளுக்கு நாளைக்கு 8.3 கிராம், 5 கிராம்ங்கிற வரம்புக்கு மேல போகுது. ஆனா நம்ம பக்கம் மீன் கழுவக் கல்லுப்புப் போட்டு உரசுவோம். அது சாக்கடைக்குப் போற உப்பு. அதைக் கழிக்கணும். கருவாட்டுல வர்ற உப்பை அதுக்குப் பதிலா சேக்கணும். உப்பு போட்ட கருவாட்டை வெந்நீர்ல ஊற வச்சு ரெண்டு தண்ணி மாத்துற வீடா, ஒரே கழுவலோட சட்டியில போடுற வீடான்னு கேட்டுக்குங்க. உப்புல பெரிய வித்தியாசம் வரும்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரேஷன் அரிசியா, கடை அரிசியா?

---

பாசிக்கரை:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. சோறு, அரிசி விஷயத்தில் தவறு செய்யவில்லை, எல்லாம் பச்சை எடைதான். மீனில் நீங்கள் சொன்ன தவறு நடந்திருக்கிறது, திருத்துகிறோம்.

பெரும்பாலும் ரேஷன் அரிசிதான். அட்டவணையில் புழுங்கலரிசிக்கு உள்ள இரும்பைத்தான் போட்டோம், 100 கிராமுக்கு 0.7 மி.கி. அளவில் இருந்தது. அரிசி களையும்போது மிதக்கிற வேறு மாதிரி மணிகளைச் சிலர் பிளாஸ்டிக் அரிசி என்று ஊற்றிவிடுகிறார்கள். அதுவும் இதில் சேருமா?

சிலர் பக்கத்து உப்பளத்துக் கல்லுப்பையே சமையலுக்கும் போடுகிறார்கள். "கடல் உப்பு, இதிலேயே அயோடின் இருக்கும்" என்கிறார்கள். கால்சியம் மட்டும் எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் எல்லாருக்கும் குறைவாகவே வருகிறது. அதற்கு என்ன சொல்வது? இன்னொன்று, ஒரு நாள் கணக்கு போதாது என்றால் எத்தனை பேரிடம் மறுபடி கேட்க வேண்டும்?

---

பதில் 3: அளவுக்கரண்டி

உங்கள் இரும்புக் கணக்கு இங்கேதான் தவறியிருக்கிறது. அந்த மிதக்கும் மணிகள் இருக்கின்றன என்றால் உங்களுக்கு ரேஷனில் வந்தது செறிவூட்டிய அரிசி. 100 கிலோ சாதா அரிசிக்கு ஒரு கிலோ வீதம் சத்து மணிகளைக் கலந்திருப்பார்கள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் பிழிந்து எடுத்த மணிகள் அவை. பிளாஸ்டிக் கிடையாது. வழக்கமாகச் சேர்க்கும் ஃபெர்ரிக் பைரோபாஸ்பேட் என்ற இரும்பு வகையில், கலந்து முடிந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மி.கி. இரும்பு இருக்க வேண்டும் என்பது தரக்கட்டுப்பாடு.

ஒரு பெண் நாளைக்கு 300 கிராம் ரேஷன் அரிசி சாப்பிடுகிறார் என்றால், அட்டவணைப்படி நீங்கள் எழுதியது சுமார் 2 மி.கி. செறிவூட்டலால் கூடுதலாக வருவது 8.4 முதல் 12.75 மி.கி. இதை விட்டுவிட்டு ஒப்பிட்டதால் உண்மையைவிடக் கூடுதலான பேர் 15க்குக் கீழே விழுந்திருப்பார்கள். அதே சமயம், மிதக்கும் மணியை ஊற்றிவிடும் வீட்டில் இந்தக் கூடுதல் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே 40 பேரிடமும் மறுபடி போய் மூன்று கேள்வி கேளுங்கள்: ரேஷன் அரிசியா, கடை அரிசியா? கலந்து பொங்குகிறீர்களா? மிதக்கும் மணியைப் பொறுக்கி எறிகிறீர்களா, ஊற்றிவிடுகிறீர்களா, சேர்த்தே சமைக்கிறீர்களா? மணியைச் சேர்த்துச் சமைக்கிறவர்களுக்குக் கீழ் எல்லையான கிலோவுக்கு 28ஐ மட்டும் ஏற்றுங்கள். அதிகமாக மதிப்பிட்ட குற்றம் வராது. பொறுக்கும் வீடுகளில் அது என்ன என்று சொல்லிவிட்டு வாருங்கள். அறிக்கை அச்சாவதற்கு முன்பே பலன் தரக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

இன்னொரு நுணுக்கம். 15 என்ற எண்ணே, சாப்பிட்ட இரும்பில் சுமார் 8 சதவீதம்தான் உடலில் சேரும் என்ற கணக்கில் வந்தது. மீனும் கறியும் அடிக்கடி இருக்கும் சாப்பாட்டில் கொஞ்சம் கூடச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். எனவே சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் தள்ளினாலே நல்லது. கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் சேர்வது கூடும்.

இரண்டாம் நாள் விஷயம்: 40 பேர் சின்னக் கூட்டம். எல்லாரிடமும் இரண்டாவது நாள் எடுத்துவிடுங்கள், முதல் நாளை ஒட்டி இல்லாமல் சில நாள் இடைவெளி விட்டு. ஒரே நாள் கணக்கில் நேற்று வெறும் கஞ்சி குடித்தவர் மிகக் கீழேயும், நேற்று விருந்துக்குப் போனவர் மிக மேலேயும் போய்விடுவார்கள். பரவல் செயற்கையாக அகன்று, கூட்டத்தின் சராசரி அந்தச் சராசரித் தேவைக்கு மேலே இருக்கும்போது, கீழே விழும் தலைகள் கூடிவிடும்.

இரண்டு நாள் கையில் இருந்தால் இப்படிச் சுருக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரு நாள் வித்தியாசத்தை வர்க்கமாக்கி 2ஆல் வகுத்து, 40 பேருக்கும் சராசரி எடுத்தால் அது ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் வரும் மாறுபாடு. 32 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் இரு நாள் சராசரிகளுக்கிடையே உள்ள மாறுபாடு 36 என்போம். 32இல் பாதி 16, அதை 36இல் கழித்தால் 20. இருபதை 36ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.745. கூட்டத்தின் சராசரி 18 மி.கி., ஒரு பெண்ணின் இரு நாள் சராசரி 8 என்றால், 18இலிருந்து அவர் விலகியிருப்பது 10, அதை 0.745ஆல் பெருக்கினால் 7.45, ஆக அவருடைய வழக்கமான அளவு சுமார் 10.5. இந்தத் திருத்திய எண்களைத்தான் இரும்புக்கு 15ஓடும், கால்சியத்துக்கு அதன் சராசரித் தேவையான 800ஓடும் ஒப்பிட வேண்டும். எண்கள் ஒரு பக்கமாக நீண்டு கிடந்தால் முதலில் லாக் (மடக்கை) எடுத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

---

பதில் 4: உப்பங்கழி

அயோடின் பற்றி மட்டும் சொல்கிறேன், இதில் நம் கரையில் நெடுங்காலமாகத் தவறான நம்பிக்கை இருக்கிறது. கடல்நீரில் அயோடின் மிகச் சொற்பம். பாத்தியில் காய்ந்து கல்லுப்பாகும்போது அதுவும் பொருட்படுத்தும் அளவில் மிஞ்சுவதில்லை. வாலிநோக்கத்து உப்பானாலும் வேறெந்த உப்பளத்து உப்பானாலும், அயோடின் தெளித்தால்தான் அதில் அயோடின் இருக்கும். தெளிக்காத கல்லுப்பில் இருப்பதாகக் கணக்கில் போடாதீர்கள்.

அயோடின் சேர்த்த உப்பில், வாங்குகிறவர் கைக்கு வரும்போது குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும், அதாவது ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம். 5 கிராம் உப்பு சாப்பிட்டால் 75 மைக்ரோகிராம். பெரியவர்களுக்குச் சராசரித் தேவை 95, பரிந்துரை 150. மீதியைக் கடல் மீனும் பாலும் முட்டையும் தரும். தினம் மீன் தின்னும் வீட்டில் பெரிய கவலை இல்லை. ஆனால் கர்ப்பிணிக்குப் பரிந்துரை 250 மைக்ரோகிராம், அங்கே கல்லுப்பை நம்ப முடியாது.

எனவே கேள்வித்தாளில் சமையலுக்கு எந்த உப்பு, மீன் கழுவ எந்த உப்பு என்று இரண்டாகப் பிரியுங்கள். கழுவுவதற்கும் கருவாட்டுக்கும் கல்லுப்பு இருக்கட்டும். சட்டிக்குள் போவது அயோடின் உப்பாக இருக்கட்டும். மூடியில்லாத மரவையிலோ அடுப்போரத்திலோ வைத்தால் ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் குறைந்துவிடும். கடல்காற்றில் உப்பு சீக்கிரம் நசநசத்துப் போகும், அதனால் இறுக்கமான மூடி வேண்டும்.

---

பதில் 5: பனைவிடலி

பாசிக்கரை அக்கா, கால்சியத்தில் உங்கள் எண் பெரும்பாலும் உண்மைதான் என்று நினைக்கிறேன். சராசரித் தேவையே 800 மி.கி. பால் டீயில் மட்டும் வருகிற வீட்டில் 800ஐத் தொடுவது கடினம். ஆனால் முடிவு எழுதும் முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள்: குடிக்கிற தண்ணீர். காவிரிக் கூட்டுக் குடிநீரா, கேன் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா? கேன் தண்ணீரில் கால்சியம் ஏறக்குறைய எடுத்துவிட்டிருப்பார்கள். கடின நீரில் நன்றாகவே இருக்கும். குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையில் கால்சியம் கடினத்தன்மை என்று தந்திருந்தால் 0.4ஆல் பெருக்குங்கள், லிட்டருக்கு இத்தனை மி.கி. கால்சியம் என்று கிடைக்கும். 250 என்றிருந்தால் 100 மி.கி.; நாளுக்கு இரண்டரை லிட்டர் குடிக்கிறவருக்கு 250 மி.கி. அதிலேயே வந்துவிடும். உணவுப் பட்டியலில் தண்ணீரை யாரும் எழுதுவதில்லை.

நம் ஊரில் கிடைப்பதை வைத்து 800க்கு ஒரு வழி: 200 மி.லி. பாலில் சுமார் 235, 50 கிராம் கேழ்வரகு மாவுக் கூழில் 180, 50 கிராம் முருங்கைக்கீரையில் 155, 10 கிராம் எள்ளில் 130. ஆக 700. மீதி 100ஐப் பருப்பும் மற்றக் காய்களும் ஒரு கை நெத்திலியும் தந்துவிடும். நெத்திலிக் கருவாடு வாங்கும்போது உப்பு போடாமல் காய்ந்ததாகப் பாருங்கள். கால்சியத்துக்காக உப்புக் கருவாட்டைக் கூட்டினால் உப்புக் கணக்கு எங்கோ போய்விடும், இரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் அது கூடவே கூடாது. முருங்கைக்கீரை கணக்கில் காம்பு உருவிய இலையின் எடையைத்தான் எடுக்க வேண்டும். கட்டு எடையை எழுதினால் கால்சியம் பொய்யாக ஏறும். தடைக்காலத்திலும் கைக்கு எட்டுவது முருங்கையும் கேழ்வரகும்தான், மீனை நம்பிக் கால்சியத் திட்டம் போட வேண்டாம்.

கர்ப்பிணிகளையும் பின்னால் சேர்ப்பீர்கள் என்றால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தரும் கால்சியம் மாத்திரை 500 மி.கி. வீதம் நாளைக்கு இரண்டு, 14ஆவது வாரத்திலிருந்து. அதை இரும்பு மாத்திரையோடு ஒரே வேளையில் விழுங்கினால் இரும்பு சேர்வதைத் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கால்சியம், மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு கால்சியம் என்று வைத்தால் மறக்காது. உங்கள் தாளில் 'மாத்திரை சாப்பிடுகிறாரா' என்று மட்டும் கேட்காமல் 'எந்த நேரத்தில்' என்று கேளுங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற என்று பால்சுறாவும் காரலும் கொடுப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், நல்ல புரதம் அது. பெரிய சுறாவை மட்டும் கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும், பாதரசம் பெரிய மீனில்தான் சேர்ந்து கிடக்கும்.

---

பாசிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மாற்றுவது இவை: தலைப்பில் 'தடைக்காலம்' சேர்க்கிறோம். 2010 எண்களை எடுத்துவிட்டு முழுக்க 2020. புரதம், கால்சியத்துக்குச் சராசரித் தேவை; இரும்புக்கு அதோடு ஹீமோகுளோபின்; கலோரிக்கு எடையும் உயரமும். அரிசி, உப்பு, தண்ணீர், டீ நேரம் நான்குக்கும் தனிப் பத்தி. அடுத்த வாரம் 40 வீட்டுக்கும் இரண்டாவது முறை போகிறோம், தராசும் மருந்துக் குப்பியும் எடுத்துக்கொண்டு.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். புரதத்தைக் கிலோ கணக்கில் பார்க்கும்போது 38 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அவருடைய எடையையே போடுவதா, 55ஐப் போடுவதா?

---

அளவுக்கரண்டி:

இரண்டும் வேண்டாம். 38ஐப் போட்டால் மெலிந்திருப்பதாலேயே அவருக்குத் தேவை குறைவு என்று ஆகிவிடும், மெலிவே கணக்கில் நியாயமாகிவிடும். அவருடைய உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையைப் போடுங்கள். மீட்டரில் உயரத்தை வர்க்கமாக்கி 21ஆல் பெருக்கினால் போதும். 150 செ.மீ. என்றால் 1.5 × 1.5 × 21, சுமார் 47 கிலோ. சராசரித் தேவை 31 கிராம், இலக்கு 39 கிராம். எடை கூடியவருக்கும் இதே முறைதான். இரண்டாம் முறை எண்கள் வந்ததும், பெயர் ஊர் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், சுருக்கும் கணக்கைச் சேர்ந்து செய்து பார்க்கலாம்.